மலையில் முதல் ஐப்பசி: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வானிலையைப் படிப்பது எப்படி?

செப்டம்பர் கடைசியில் குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ வீடு மாற்றி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்புக்கணக்கைப் போடுவார்கள். "ஜூன், ஜூலை மழையெல்லாம் ஓஞ்சாச்சு. இனி குளிர் மட்டும்தானே?" கூடலூரில் குடியேறுபவர் இப்படிச் சொன்னால் பாதியாவது சரி. குன்னூரில் மழைக்காலம் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

நானும் சமவெளியிலிருந்து ஏறி வந்தவன்தான். டிவியில் மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் அது எனக்குத்தான் என்று நினைத்துப் பழகியவன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, 'நீலகிரி மாவட்டத்தில் கனமழை' என்ற செய்தி பாதி நாள் எனக்குச் சம்பந்தமே இல்லாதது. சம்பந்தமுள்ள நாட்களிலோ அதில் சொன்னதைவிடப் பெரிய விஷயம். மாவட்டத்துக்குச் சொன்ன கணிப்பை உங்கள் வீட்டுச் சரிவுக்கு மாற்றிப் படிக்கத் தெரிந்துவிட்டால் முதல் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டிவிடலாம். அதற்கு நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

1. வீடு எந்தச் சரிவில் இருக்கிறது?

வேறு எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மொபைலில் திசைகாட்டியைத் திறந்து வாசலில் நில்லுங்கள். மலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முன்னால் பள்ளத்தாக்கு எந்தத் திசையில் திறக்கிறது?

கிழக்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்றால் நீங்கள் வடகிழக்குப் பருவமழையின் ஆள். குன்னூர், பர்லியார், கோத்தகிரி, கோடநாடு, கீழ் கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு எல்லாம் இதில் சேரும். வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் கீழைக்காற்று, சமவெளியைத் தாண்டியதும் மோதுகிற முதல் பெரிய சுவர் இந்தச் சரிவுகள்தான். மோதிய காற்று மேலே ஏறும், குளிரும், சுமையை அங்கேயே இறக்கும்.

மேற்கு, தென்மேற்கு என்றால் உங்கள் பெரிய மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்து முடிந்திருக்கும். கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, மேல் பவானி இந்தக் கூட்டம். உங்களுக்கு ஐப்பசி என்பது மதியத்துக்கு மேல் இடியோடு வந்து போகிற மழைதான் பெரும்பாலும்.

ஊட்டி இரண்டுக்கும் நடுவே மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பருவத்திலும் பங்கு வாங்கும். வடக்கே மசினகுடி, மாயார் பக்கம் மழை மறைவு. அங்கே பெய்யாவிட்டாலும் மேலே பெய்த தண்ணீர் ஓடையில் வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. மழை பதிவானது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 82 செ.மீ. இரண்டுக்கும் இடையே ஆகாய வழியில் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்று தென்மேற்குப் பருவத்தில், மற்றது வடகிழக்குப் பருவத்தில். ஒரே மாவட்டம்தான், காற்றுக்கு முகம் காட்டிய சரிவு மட்டும் வேறு.

2. மூன்று கட்டங்களையும் பிரித்துப் பாருங்கள்

'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பது சமவெளியில் பிறந்த பழமொழியாக இருந்தாலும் கிழக்குச் சரிவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஆனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒரு கட்டம் உண்டு.

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை இடைக்காலம். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பதினொரு மணிக்குத் தொட்டபெட்டா தலையில் பஞ்சுப் பொதி ஒன்று ஏறும். இரண்டு, மூன்று மணிக்கு இடி. ஐந்துக்கெல்லாம் வெறித்துவிடும். இந்த நாட்களில் ஆபத்து மழை அளவில் இல்லை, மின்னலில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்பது சில்வர் ஓக் மரங்கள்தான். மழைக்கு ஒதுங்குகிறேன் என்று அதன் அடியில் நிற்காதீர்கள். வெளிவேலை, துணி துவைப்பது, கூரை பழுது எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்குவது வழக்கம். சில ஆண்டு முந்தும், சில ஆண்டு பிந்தும். தொடங்கியதும் மழையின் நேரம் மாறிவிடும். மதிய மழை போய், இரவும் விடிகாலையும் பெய்யும். இடி குறையும். சத்தமில்லாமல், காற்றில்லாமல், நாள் கணக்கில் பெய்யும். புதிதாக வந்தவர்கள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மிரட்டாத மழை என்பதால், "தூறல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். மண் குடித்துக்கொண்டே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது கட்டம் பனி. அதற்குத் தனியாக வருகிறேன். அது இரண்டாவது கட்டம் முடிந்த பிறகுதான் வரும் என்று மட்டும் எண்ணாதீர்கள். நவம்பரில் நான்கு நாள் மழை விட்டு வானம் திறந்தால், ஐந்தாம் நாள் காலையில் புல் வெளுத்திருக்கும்.

3. பருவக் கணிப்பைப் படியுங்கள், நம்பி விதைக்காதீர்கள்

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் இந்திய வானிலை ஆய்வுத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான கணிப்பை வெளியிடும். 'தென் தீபகற்ப இந்தியாவில் இயல்பான மழை' என்றோ 'இயல்பைவிட அதிகம்' என்றோ இருக்கும். அந்தத் தென் தீபகற்பம் என்பது தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் என்று ஐந்து வானிலைப் பிரிவுகள் சேர்ந்தது. அத்தனைக்கும் சேர்த்து நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 334 மி.மீ. அதில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் 'இயல்பு'. நெல்லூர்க் கடற்கரையையும் கோத்தகிரியையும் ஒரே தட்டில் வைத்துப் போட்ட சராசரி இது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ இருந்தால் வடகிழக்குப் பருவமழை நன்றாக இருக்கும், அது வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா இருந்தால் குறையும் என்று ஒரு பொதுவிதி உண்டு. தென்மேற்குக்கு நேர்மாறானது. விதி தவறில்லை, ஆனால் 2021இல் லா நினா இருந்தும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 சதவீதம் அதிகமாகக் கொட்டியது. 2016இல் 62 சதவீதம் குறைந்து வறட்சியானது. நான் ஆண்டுதோறும் பருவக் கணிப்பை ஆர்வமாகப் படிப்பேன். அதை நம்பி ஒரு பாத்தி கேரட்கூட விதைக்க மாட்டேன். மலையில் மூன்று மாத மொத்தம் ஆளைக் கொல்வதில்லை. இரண்டு நாளில் பெய்வதுதான் கொல்லும். 2009 நவம்பர் 8 முதல் 10 வரை மூன்றே நாளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தார்கள். அந்தப் பருவத்தின் சராசரி என்னவென்று இன்று இங்கே யாருக்கும் நினைவில்லை. அந்த மூன்று நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

4. தினசரி அறிக்கையின் சொற்களுக்கு அளவு உண்டு

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் சொற்கள் பேச்சுவழக்குச் சொற்கள் போலத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எண் இருக்கிறது.

'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்பங்குக்குள். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'அநேக இடங்களில்' என்றால் பாதிக்கு மேல். இது மழை எவ்வளவு பரவலாக இருக்கும் என்பது மட்டுமே, பலத்தைச் சொல்வதில்லை.

பலத்துக்கு வேறு சொற்கள். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, 'அதி கனமழை' 21க்கு மேல். நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஆகவே 'நேற்று 9 செ.மீ.' என்று படித்தால் அதில் இன்று விடிகாலை பெய்ததும் அடக்கம்.

இப்போது 'நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழைக்கு வாய்ப்பு' என்ற வரியை மறுபடி படியுங்கள். மாவட்டத்தில் முக்கால்வாசி இடத்தில் அப்படிப் பெய்யாது. அந்தக் கால்வாசி எது என்று அறிக்கை சொல்லாது. அதை நீங்கள்தான் முதல் படியில் பார்த்த சரிவை வைத்து ஊகிக்க வேண்டும். நவம்பரில், கீழைக்காற்று அடிக்கும்போது, அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் பர்லியார், குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம்தான்.

12 செ.மீ. என்றால் என்ன? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் 12 செ.மீ. பெய்தால் 12,000 லிட்டர்; ஒரு பெரிய தண்ணீர் லாரி முழுக்க. அது எங்கே போய் இறங்குகிறது? உங்கள் கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் பின்சுவருக்குப் பின்னால் இறங்கினால், சண்டை வருவதற்கு முன்பே குழாயை வாய்க்கால் வரை நீட்டிவிடுங்கள். மேல்வீட்டுத் தண்ணீர் உங்கள் பின்சுவரில் இறங்கினால் இன்றே போய்ப் பேசுங்கள், தீபாவளிக்குப் பிறகு அல்ல.

5. தாழ்வு மண்டலம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாலு வருஷம் ஏமாந்த பிறகு பிடிபட்டது. டிவியில் 'புயல்' என்றதும் பதறுவோம். 'வலுவிழந்தது' என்றதும் நிம்மதியாவோம். மலைக்கு இரண்டுமே தப்பு.

வங்கக் கடலில் சுழல் சென்னைக்கோ ஆந்திரத்துக்கோ நேராக நின்றால், அதன் இடப்பக்கம், அதாவது நாம் இருக்கும் பக்கம், வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தரைக்காற்றை இழுக்கும். நமக்கு மேகமும் குளிர்ந்த காற்றும் கிடைக்கும், பெரிய மழை கிடைக்காது. சென்னை மிதக்கும்போது குன்னூரில் துணி காய்வது இதனால்தான்.

அதே சுழல் இலங்கைக்குத் தெற்கேயோ குமரிக்கடலிலோ மன்னார் வளைகுடாவிலோ இருந்தால், பெயர்கூட வைக்கப்படாத வெறும் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' ஆனாலும், கவனமாக இருங்கள். அதன் வடபுறத்தில் நாம் இருப்போம். கடல் ஈரம் மொத்தமும் கிழக்கிலிருந்து நேராக நம் சரிவில் வந்து மோதும்.

இன்னொரு நிலை, கரையேறிய புயலின் மிச்சம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து வலுவிழந்தது. அதன் பிறகுதான், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. காற்றின் வேகம்தான் குறைந்திருந்தது; சுமந்து வந்த தண்ணீர் அப்படியே இருந்தது. மிச்சம் மேற்கே அரபிக்கடலை நோக்கி நகரும்போது நம் தலைக்கு மேலேயோ பக்கத்திலேயோதான் போக வேண்டும். உள்நாட்டு மலைக்காரர்கள் விழித்திருக்க வேண்டிய இரவு, புயல் கரை கடந்த இரவுக்கு அடுத்த இரவு.

எனவே செய்தியில் பெயரையும் வேகத்தையும் விட்டுவிட்டு, மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். சுழல் நமக்கு வடக்கிலா தெற்கிலா? மேற்கு நோக்கி நகர்கிறதா? நேற்று வரை மண் எவ்வளவு குடித்திருக்கிறது?

6. மூன்றாவது கேள்விக்கு ஒரு டப்பா போதும்

மொபைல் செயலி சொல்லும் மழையை மலையில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு முறையில் கட்டம் 6 கி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 6 கி.மீ.க்குள் இங்கே ஒரு மேடு, ஒரு பள்ளம், இரண்டு சரிவு அடங்கிவிடும். செயலியில் நீங்கள் அழுத்தும் 'குன்னூர்' பேருந்து நிலையமா, சிம்ஸ் பூங்காவா, உங்கள் வீடா என்று அதற்குத் தெரியாது.

நேர்ப்பக்கமான, அகலவாய் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். மேலும் கீழும் ஒரே அகலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூரைச் சொட்டும் மரச் சொட்டும் விழாத இடத்தில் ஒரு குச்சியில் கட்டுங்கள். காலை 8.30க்கு அடிக்கோலை விட்டு அளந்து, காலண்டர் தாளில் எழுதி, கொட்டிவிடுங்கள். மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அன்றைய மழைப் பட்டியலில் குன்னூர், கேத்தி, பர்லியார், கிண்ணக்கொரை, எடப்பள்ளி, கோடநாடு என்று வரிசையாக இருக்கும். பக்கத்தில் உங்கள் எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரே மாதத்தில் எந்த மழைமானி உங்கள் வீட்டோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். என் வீடு குன்னூருக்குள் இருந்தும் எடப்பள்ளியோடுதான் ஒத்துப்போகிறது.

எழுதி வைப்பதன் பலன், தொடர் மழையின் கூட்டுத்தொகை கையில் இருக்கும். சரிவுக்கு இன்றைய மழை மட்டும் கணக்கில்லை. முந்தைய ஒரு வார மழையும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நான் வைத்திருக்கும் கோடு இது: ஒரு வாரமாக மண் காயாமல் இருந்து, இரண்டு நாளில் 15 செ.மீ. தாண்டினால் மலைப்பக்கத்து அறையில் யாரும் படுப்பதில்லை. இது அறிவியல் அளவு அல்ல, என் வீட்டுக்கு நான் போட்டுக்கொண்ட கோடு. உங்கள் மண்ணைப் பார்த்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

7. சுவரைப் பாருங்கள்

முதல் வருஷம் நான் வாடகைக்கு இருந்த வீடு சாலைக்குக் கீழே. பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மலையை வெட்டித் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள். சுவரில் வரிசையாக பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், உள்ளே சேரும் தண்ணீர் வெளியேறுவதற்காக. மழை தொடங்கியதும் அவற்றிலிருந்து நூல் மாதிரி தெளிந்த நீர் வடியும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள், மூன்றாம் நாள் மழை. பக்கத்து வீட்டு அக்கா குடையோடு வந்து சுவர் முன்னால் நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக்கொண்டே போனார். "இதுல வருது. இதுல வருது. இந்த மூணுல ஏன் வரல?" எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவர் கடைசிக் குழாய்க்குக் கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து என்னிடம் நீட்டினார். டீ நிறத்தில் இருந்தது. "மண்ணு வருது தம்பி. வராத மூணும் உள்ள அடைச்சுக்கிச்சு. ராத்திரி எங்க வீட்டுல வந்து படுத்துக்கங்க, இங்க வேணாம்."

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, இருபது வருஷமாக நிற்கிற சுவர் என்றார். மறுநாள் விடிகாலை சுவரின் இடது மூலை ஒரு கட்டில் அளவுக்குப் பிதுங்கி விழுந்தது. சமையலறைக் கதவு வரை சேறு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் இல்லை.

ஆகவே வாடகைக்கு வீடு பார்க்கும்போதே தடுப்புச் சுவரில் வடிகுழாய் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பெய்கிற நாட்களில் கவனிக்க வேண்டியவை: தெளிவாக வந்த தண்ணீர் கலங்குவது, வந்துகொண்டிருந்தது திடீரென நிற்பது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, மேல்மண்ணில் பிறை வடிவ வெடிப்பு, மின்கம்பமோ வேலிக்கல்லோ சாய்வது, நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று பிடிப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மேலே போய் எட்டிப் பார்க்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியில் எச்சரிக்கை தமிழிலேயே வரும்.

8. மலை இறங்குவதற்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர பர்லியார் வழியாகக் குன்னூர்ப் பாதை ஒன்று, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிப் பாதை ஒன்று. இரண்டுமே கிழக்குச் சரிவில். ஒன்று அடைபடும் மழையில் மற்றதும் பத்திரம் என்று சொல்ல முடியாது. 1993 நவம்பரில் குன்னூர்ப் பாதையில் மரப்பாலம் அருகே நடந்த மண்சரிவை வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை கோவையில் டாக்டரைப் பார்க்க வேண்டும், விமானம் பிடிக்க வேண்டும் என்றால் முதல் நாளே இறங்கிவிடுவேன். இரவில் ஏறுவதில்லை. விழுந்த பாறை பகலில் தெரியும். மூடுபனியில் ஹெட்லைட் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். ஏற்றி வைக்காமல் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள்.

மலை ரயிலை இந்தப் பருவத்தில் பயணத்துக்கு நம்ப வேண்டாம். 46 கி.மீ. பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற பகுதிதான் மண்ணும் பாறையும் விழுகிற பகுதியும். ஓரிரு நாள் கனமழை பெய்தாலே ரத்து செய்துவிடுவார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பெரும்பாலும் ஓடும். உறவினர்கள் தீபாவளி விடுமுறைக்கு "டாய் ட்ரெயின் புக் பண்ணிட்டோம்" என்று போன் செய்தால், பஸ் நேரத்தையும் சொல்லி வையுங்கள்.

வீட்டில் ஒரு சிலிண்டர் கூடுதலாக, பத்து நாள் மாத்திரை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். மரம் விழுந்து மின்சாரம் போனால் இரண்டு நாள்கூட ஆகலாம்.

9. பனி

முதலில் வருவது நீர்ப்பனி. அக்டோபரிலேயே காலையில் புல்லும் கார்க் கண்ணாடியும் நனைந்திருக்கும். உறைபனி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். ஊட்டியில் அது கார்த்திகையிலேயே தரையைத் துளைக்க ஆரம்பித்துவிடும்.

உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்பது பொதுக்கணக்கு. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஆனால் உறைபனி இந்தக் கணக்கில் அடங்காது. வானம் திறந்த, காற்றில்லாத இரவில் தரை சூட்டை வேகமாக இழக்கும். தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தொட்டபெட்டா உச்சியைவிடத் தலைகுந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கும். பள்ளத்தின் அடியில் வீடு எடுத்தவர் மேட்டு வீட்டுக்காரரைவிட இரண்டு போர்வை அதிகம் வாங்க வேண்டியிருக்கும்.

இன்றிரவு உறையுமா என்று பார்க்க: மாலையில் மேகமில்லை, மர இலை அசையவில்லை, ஏழு மணிக்கே மூக்கு நுனி சில்லென்கிறது, நட்சத்திரம் அளவுக்கு அதிகமாகத் தெரிகிறது என்றால் வாய்ப்பு அதிகம். செய்தியில் '4 டிகிரி' என்று வந்தாலும் ஏமாறாதீர்கள். அது ஆள் நெஞ்சுயரத்தில், கூண்டுக்குள் வைத்து அளந்தது. புல்லின் மேல் அப்போது பூஜ்ஜியமாக இருக்கலாம். மூடுபனி கவிந்த இரவில் பயம் வேண்டாம், மேகம் போர்வையாக வேலை செய்யும்.

தோட்டம் இருந்தால் இளஞ்செடிகளை மாலையிலேயே காய்ந்த பெரணித் தழையோ சாக்கோ போட்டு மூடுங்கள். காலையில் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவது இங்குள்ள விவசாயிகளின் பழக்கம். தேயிலை கருகிவிட்டால் உடனே கத்தரிக்கப் போகாதீர்கள். எதுவரை பிழைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

குளிர் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் கூடாது. கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலைவாசத் தலங்களில் தூக்கத்திலேயே உயிர் போன கதை புதிதல்ல. கணப்பு மூட்டினால் படுக்கப் போகும்முன் அணைத்து வெளியே வையுங்கள், ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

10. ஈரம்

இதற்குத் தீர்வு இல்லை, சமாளிப்புதான். தோல் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ், புத்தக அட்டை எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவைகளை ஊரில் அம்மாவிடமே விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம். அரிசி, பருப்பை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். உப்பு டப்பாவில் பத்து அரிசி.

துணியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பத்து நாள் மூட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் வெயில் அடித்தால், டீ குடிக்காமல்கூட மெத்தையை வெளியே போடுங்கள். எங்கள் தெருவில் அன்று எட்டு மணிக்கெல்லாம் ஒவ்வொரு வேலியிலும் ஒரு கம்பளி தொங்கும். பதினொரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறத் தொடங்கும். முதலில் யார் வீட்டில் எடுக்கிறார்களோ அவர்களைப் பார்த்து நீங்களும் எடுத்துவிடுங்கள்.